எண்ணூர்க் கடலில் பன்னிரண்டாவது பெட்டி

நாங்கள் வடிவமைத்த சிப்பின் மென்பொருளில் பிழை இருப்பது போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை தெரிந்தது. மறுநாள் காலையே எண்ணூருக்குக் கிளம்பினேன்.

செயலி, ரேடியோ, இருப்பிடம் காட்டும் பகுதி எல்லாம் ஒரே சிப்பில். அதை வைத்து ஒரு சின்னப் பெட்டி. கடலில் ஆபத்தென்றால் மீனவர் பொத்தானை அழுத்த, கரைக்குச் செய்தி வரும். பன்னிரண்டு ஃபைபர் படகுகளில் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். தூங்கும் ரேடியோவை எழுப்பும் மென்பொருள் நான் எழுதியது. ரேடியோ நிலைப்பட எடுக்கும் நேரத்தைக் குறைத்து எழுதிவிட்டேன். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த நேரம் போதாமல் ரேடியோ எழவே எழாது. செய்தி போனதாகக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரியும். “முதல்ல சரி பண்ணுவோம், அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன்.

தரமணியில் காலை 6.20 ரயில். கடற்கரை நிலையத்தில் மாறி, எண்ணூரில் இறங்கும்போது 8.10. அங்கிருந்து குப்பம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பத்தரைக்குள் பதினொரு பெட்டிகளில் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டேன். பன்னிரண்டாவது அருளப்பன் படகில். விடியுமுன் போனவர், பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவாராம். பன்னிரண்டாகியும் காணோம். ஃபோன் போகவில்லை. அவர் வலை போடும் இடம் நிலக்கரிக் கப்பல்கள் வரும் வழி. கரையோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன்.

மீன் கூடையோடு காத்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா என்னைத் தேற்றினார். “பொட்டி கீதே மேடம். அதான் நானே தெகிரியமா குந்திகினு கீறேன்.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “அக்கா, அந்தப் பெட்டி வேலை செய்யாமப் போகலாம்.”

“எப்பத்லருந்து தெரியும்?”

“நேத்து சாயங்காலம்.”

அவர் எழுந்து கொழுந்தனார் வீட்டுக்கு ஓடினார். இரண்டு படகுகள் தேடிப் போயின. இரண்டே கால் மணிக்கு அருளப்பன் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜின் நின்றுவிட்டிருந்தது.

“மூணு வாட்டி அமுக்கினேன்,” என்றார் அருளப்பன், என்னைப் பார்க்காமல். “லைட்டு எரிஞ்சிச்சு. ஆள் வருதுன்னு நம்பிகினு இருந்தேன். கப்பல் ஒண்ணு கிட்டக்க போச்சு, படகு கவுந்துடும்னு நெனச்சேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார்.

எண்ணூர் போகிறவர்கள் குடிநீரும் குடையும் கொண்டுபோங்கள். கரையில் நிழல் கிடையாது. இப்படிக் கருவி சோதிக்கப் போகிறவர்கள் பாதி தீர்ந்த பேட்டரி ஒன்றும் எடுத்துப்போங்கள். பிழை தெரிந்தால், சரிசெய்யும்வரை காத்திருக்காதீர்கள். படகு இறங்குமுன் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா என் ஃபோன் நம்பரைக் கேட்டார். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் அழைப்பு வந்தது. எடுத்தேன்.

“எடுக்கிறியான்னு பாத்தேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.