கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்கூட்டர்

தாம்பரம் ரயில் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவரைத் தினமும் பார்ப்பேன். ஒல்லியானவர். ஸ்கூட்டரை நிறுத்தியதும், பின்னால் ஒட்டியிருந்த மகனின் கல்லூரி ஸ்டிக்கரைக் கைக்குட்டையால் துடைப்பார். வண்டியின் மற்ற அழுக்கு அப்படியே இருக்கும்.

கவுன்சிலிங்கில் மகனுக்கு அரசுக் கல்லூரியில் சிவில் கிடைத்தது. இவர் பள்ளிக்கரணை மனையை விற்று, பெரிய பெயருள்ள தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கினார். சேர்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

படிப்பு முடிந்ததும் ஒருநாள், "கேம்பஸுக்குக் கம்பெனியெல்லாம் வந்ததா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க சார். நல்லா சாப்ட்டுட்டுப் போனாங்க."

ஸ்டிக்கரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்தா ஃபீஸைத் திருப்பித் தருவாங்கன்னு சேர்க்கறப்பவே சொன்னீங்க. படிச்சு முடிச்சவங்களுக்கு அப்படி ஏதாச்சும் ரூல் இருக்கா சார்?"

விதிகளிலேயே ஊறி ஓய்வு பெற்றவன் நான். "கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடின்னா உண்டு" என்றேன். முறைப்படி சரியான பதில். அவர் தலையாட்டினார்.

அடுத்த மாதத்திலிருந்து அவர் நிலையத்துக்கு பஸ்ஸில் வந்தார். போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஆர்டர் செய்த சாப்பாட்டைக் கொண்டுவந்தவன் அதே ஸ்கூட்டரில் வந்திருந்தான். அப்பாவின் முகம். வண்டி முழுக்கச் சேறு. ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று இருந்தது. துடைப்பது அப்பாவா, இவனா என்று கேட்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.