சனிக்கிழமைத் துப்பாக்கிகள்

வெல்டா லாட்னர் முப்பத்தோரு வருஷமாகச் சிப்பி உடைக்கிறாள். விடியற்காலையில் கொட்டகைக்கு வந்து, தோள்வரை வரும் ரப்பர் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, ஈரத் தரையில் நின்றபடி மதியம் வரைக்கும் கத்தியை நுழைத்துத் திருகி, நுழைத்துத் திருகி வேலை செய்வாள். எங்கள் மிசிசிப்பிக் கடற்கரையில் அவள் கைவேகத்துக்கு ஈடு கிடையாது என்று முதலாளிகளே சொல்வார்கள். கூலியை மட்டும் அதற்கேற்ப உயர்த்த மாட்டார்கள்.

என் கடைக்கு அவள் முதன்முதலாக வந்தது தாடையில் கம்பி கட்டியிருந்த நாட்களில். நான் ஹாய்ட். அடகுக் கடையின் பின்பக்கம் துப்பாக்கி விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. பட்டப்பகலில், பெட்ரோல் போட நின்ற இடத்தில், எவனோ ஒருத்தன் அவள் கைப்பையைப் பிடுங்கியிருக்கிறான். அவள் விடவில்லை. இரும்புக் குழாயால் முகத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டான். வாயைத் திறக்க முடியாமல் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: ‘சின்னதா ஒண்ணு. இருக்கறதுலேயே விலை கம்மியா.’

இடுப்பில் செருகினால் வெளியே தெரியாத குட்டித் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உழைக்கிற பெண்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குவார்கள். சுடும். ஆனால் அதன் மேல்பூச்சு மெல்லியது. வியர்வையும் உப்புக்காற்றும் பட்டால் தாங்காது.

ஒரு மாசம் கழித்து வந்தாள். கம்பியை அவிழ்த்திருந்தார்கள். துப்பாக்கியை மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தாள்.

“எனக்கு என்னத்த வித்த ஹாய்ட்? இதுக்கு அம்மை போட்டிருக்கு பாரு.”

மேல்பக்கம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

“இத எங்க வச்சிருந்த?”

“ஏப்ரனுக்கு உள்ள. வேற எங்க வைக்கறது? தலையிலயா?”

“அங்க உப்புத்தண்ணி, வேர்வை, சிப்பித்தூள் எல்லாம் இருக்கே. நீ குடுத்த விலைக்கு இது இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு. வாராவாரம் கழட்டித் தொடை. எண்ணெய் போடு. எண்ணெய்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத.”

கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் அப்படி.

அன்றிலிருந்து ஒரு வாரம்கூட அவள் தவறவிட்டதில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும், சிப்பி கொட்டும் நீளமேஜையைக் கழுவி, பழைய துண்டை விரித்துத் தன் துப்பாக்கியைப் பிரிப்பாள். பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாமே மலிவு ரகம், எல்லாவற்றிலும் துரு. வெல்டா காசு வாங்க மாட்டாள். வறுத்த மீனோ வாழைப்பழப் புட்டிங்கோ கொண்டுவந்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டாள். கொஞ்ச நாளில் சனிக்கிழமை மதியம் எட்டுத் துப்பாக்கிகள் அவள் முன்னால் வரிசையாகக் கிடக்கும். துருப்பிடிக்காத எட்டுத் துப்பாக்கிகள்! தாடை கோணிப்போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மேஜையருகேதான்.

எட்டில் ஒன்று கோரின் பார்பருடையது. கோரின் வெல்டாவுக்கு அடுத்த இடத்தில் நின்று பதினாலு வருஷமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சிப்பி உடைத்தவள். புருஷன் லாமரை வீட்டைவிட்டுத் துரத்தியிருந்தாள். அவன் கொன்றுவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நூறு கெஜத்துக்குள் அவன் வரக்கூடாது என்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்திருந்தது.

“தாளத்தான் குடுத்தாங்க, நூறு கெஜ நாடாவக் குடுக்கலையே. நானா அளந்து பாக்கறது?” என்பாள் கோரின்.

“வெளையாடாதடி. துப்பாக்கிய எடு இப்படி,” என்பாள் வெல்டா.

“அது சும்மாதான இருக்கு. அதுக்கு எதுக்கு வாராவாரம் குளியல்?”

“நீயும் சும்மாதான் இருக்க. நீ குளிக்கறதில்ல?”

கோரின் அதைத் துடைத்ததே இல்லை. தோலை ஒட்டியே செருகிக்கொள்வாள். மற்றதையெல்லாம்விட அதற்குத்தான் உப்பும் வேர்வையும் அதிகம். அதனால் வெல்டா அதற்கு மட்டும் இன்னொரு கை எண்ணெய் கூடுதலாகப் போடுவாள். துவாரம் கண்ட இடத்தில் எல்லாம் விடுவாள்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வாளித் தண்ணீரில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்த குளிர். பத்தரை மணி இடைவேளைக்குப் பெண்கள் வெளியே சிப்பி ஓட்டுக்குவியல் பக்கம் காபியோடு நின்றார்கள். லாமரின் வண்டி உள்ளே வந்து நின்றது. இறங்கும்போதே கையில் துப்பாக்கி.

கோரின் ஓடவில்லை. மற்றப் பெண்கள் பின்னால் நின்றதால் ஓடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தன்னுடையதை உருவி, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். ‘டிக்’ என்றது. வெல்டா சொல்லிக் கொடுத்தபடியே மேல்பாகத்தை இழுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ‘டிக்’. மூன்றாவது தடவை இழுப்பதற்குள் லாமர் மூன்று முறை சுட்டுவிட்டான்.

வெல்டா கொட்டகை வாசலில் இருந்தாள். ஈரக் கையுறையைக் கழற்றித் தன் துப்பாக்கியை எடுப்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. பாலத்தில் அவனைப் பிடித்தார்கள். கோரின் ஓட்டுக்குவியலின் ஓரத்திலேயே போய்ச் சேர்ந்தாள், வெல்டாவின் மடியில்.

மட்டமான துப்பாக்கி, மட்டமான தோட்டா, கெட்ட நேரம் என்று ஊர் பேசி முடித்தது. வழக்கிலும் அதைப் பெரிதாகத் தோண்டவில்லை. தோட்டாவின் பின்புறத்தில் துப்பாக்கியின் ஊசி பட்ட தடம் ஆழம் போதாமல் இருந்தது என்று அறிக்கையில் ஒரு வரி, அவ்வளவுதான். லாமருக்கு ஆயுள் முழுக்கச் சிறை.

வழக்கு முடிந்ததும் கோரினின் பொருட்களை மகள் ஷேனாவிடம் ஒப்படைத்தார்கள். இருபத்திரண்டு வயசுப் பெண். துப்பாக்கியைக் காகிதப் பையோடு என் மேஜைமேல் வைத்தாள்.

“இத நசுக்கிப் போட்டுருங்க மிஸ்டர் ஹாய்ட். எனக்கு ஒண்ணும் தர வேணாம். என் கண்ணுல படாம இருந்தா போதும்.”

நசுக்குவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தேன். பிரிக்காமல் விட்டிருக்கலாம். வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லை. குழல் பளபளவென்று இருந்தது. தோட்டாவைக் குத்துகிற ஊசி ஓடுமே ஒரு சின்னத் துளை, அது உலர்ந்திருக்க வேண்டும். அதிலே எண்ணெய் நிறைந்து, சிப்பித்தூள் கலந்து, கருப்பஞ்சாற்றுப் பாகுபோல இறுகிக் கிடந்தது. அந்தக் குளிரில் ஊசி பாகுக்குள் நீந்திப் போய்த் தோட்டாவைத் தொட்டிருக்கிறது. குத்தவில்லை.

எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணாதே என்று சொன்னவன் நான். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு சொட்டும் படக்கூடாது என்று சொல்லாதவனும் நான்தான். அன்று கடையைப் பாதியிலேயே மூடினேன்.

மூன்றாம் நாள் வெல்டா வந்தாள்.

“ஷேனா அத உங்கிட்ட குடுத்தாளாம்.”

“ஆமா.”

“தொறந்து பாத்தியா?”

ஸ்பிரிங் உடைந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மேஜையில் இருந்த திருகாணிகளை எடுத்து எடுத்து டப்பாவில் போட்டேன்.

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு ஹாய்ட்.”

சொன்னேன். ஊசித் துளை, பாகு, குளிர், எல்லாம். “தப்பு என்னோடது வெல்டா. எண்ணெய் போடுன்னு சொன்னேன், எங்க போடக்கூடாதுன்னு சொல்லல,” என்றேன்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ சொன்ன. போட்டது நான். அவளோடதுக்கு மத்ததவிடக் கூடுதலா போட்டேன்,” என்றாள்.

அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள். “மத்ததுலயும் போட்டிருக்கேனே.”

ஒரு மணி நேரத்தில் சிப்பி வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வீடுவீடாகப் போய் வாங்கியிருக்கிறாள். அவளுடையதையும் சேர்த்து ஏழு. “இப்பவே பாரு,” என்றாள். நான் பிரித்தேன், அவள் துடைத்தாள். மூன்றில் கோரினுடையதைப் போலவே பாகு. அவளுடையது அந்த மூன்றில் ஒன்று. அன்று வாசலிலிருந்து அவள் சுட்டிருந்தால் அதுவும் ‘டிக்’ என்றுதான் சொல்லியிருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு, “என்னைய ஷேனா வீட்டுல எறக்கி விடு,” என்றாள்.

“எதுக்கு? எண்ணெயப் பத்தி அறிக்கையில கூட இல்ல. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

நான் வண்டியிலேயே இருந்தேன். ஷேனா வலைக்கதவைத் திறந்து, கையில் காபிக் கோப்பையோடு நின்றாள். வெல்டா படியின் கீழேயே நின்று சொன்னாள். எண்ணெய் பாட்டிலைப் பிடிப்பதுபோலக் கையை வைத்துக் காட்டியதை நான் பார்த்தேன்.

ஷேனா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சொல்லுவாங்க எங்கம்மா. வெல்டா துப்பாக்கிய பாத்துக் குடுத்துட்டா, இனிமே பயமில்லன்னு. அன்னிக்கு ராத்திரி மட்டும்தான் தூங்குவாங்க,” என்றாள். “போங்க மிஸ் வெல்டா.”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வெல்டா யாருடைய துப்பாக்கியையும் தொடவில்லை. மாசத்துக்கு ஒருமுறை நானே கொட்டகைக்குப் போய் அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கே எண்ணெய் போட வேண்டும் என்பதற்கு முன்னால் எங்கே போடக்கூடாது என்று சொல்கிறேன். அந்த நேரத்தில் வெல்டா தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தரையைக் கழுவுவாள். கோரின் நின்ற இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் பேசுவதே இல்லை. வெல்டா அவளோடு பேச முயல்வதும் இல்லை.

நவம்பரில் ஷேனா வீட்டை விற்றுவிட்டு பக்கத்து மாநிலத்து மோபில் நகரத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம். அவள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை வெல்டா சர்ச்சுக்கு வரவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்றிருக்கிறாள். கிட்டே போகத் துணிவில்லை. ஷேனா தனியாளாகச் சோபாவை வாசல்வரை இழுத்து வந்து, வண்டியில் ஏற்ற முடியாமல் திணறியிருக்கிறாள். நிமிர்ந்தபோது இவளைப் பார்த்துவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தபடியே நின்றாளாம்.

“அப்புறம், ‘அந்தப் பக்கம் பிடிங்க’ன்னா. பிடிச்சேன்.”

“வேற ஏதாவது பேசினாளா?”

“இல்ல. ஏத்தினோம். கயிறு கட்டினோம். அவ வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா.” வெல்டா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. “நல்ல கனம் அந்தச் சோபா,” என்றாள்.