பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஆக்னஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவள் வராந்தாவில் இருப்பாள், கேன்டீன் வாசலில் இருப்பாள், மாடிப்படியில் யாராவது ஒரு முதலாமாண்டுப் பெண்ணை மடக்கி நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

பூந்தமல்லிக்கும் நூம்பலுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் அவளுக்குப் பெரிய பதவி ஒன்றுமில்லை. மாணவியர் நலப் பிரிவில் உதவியாளர். ஆனால் புதுப் பிள்ளைகள் வருகிற ஜூன் மாதத்தில் முதல்வரைவிட அவளுக்குத்தான் வேலை அதிகம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பெண்கள். முதல் வாரம் ஜெபம் நடக்கிற சேப்பலில் அதுகள் படுகிற பாடு சொல்லி முடியாது. பக்கத்திலிருப்பவள் எழுந்தால் எழுந்து, முட்டிபோட்டால் திருதிருவென்று முழித்து, எல்லாரும் கண்ணை மூடிய நேரத்தில் தான் மட்டும் திறந்து வைத்திருக்கிறோமே என்று பயந்து மூடும். ஆக்னஸ் வரிசை வரிசையாகப் போய்க் குனிந்து சொல்லுவாள்:

"இங்க பாரும்மா, நீ சும்மா உக்காந்துக்கினு இரு. முட்டி போட வாணாம், பொட்ட அழிக்க வாணாம். பாட்டு புடிச்சா பாடு. யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேட்டா எங்கிட்ட வா."

அவள் பக்கத்துக் கரையான்சாவடிக்காரி. இதே கல்லூரியில் படித்தவள்தான். அவள் சேர்ந்த மாதமே அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அழுதுகொண்டிருந்தவளை யாரோ ஒரு சீனியர் அக்கா கையைப் பிடித்து ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். முகம் தெரியாத நாற்பது பெண்கள் அவளுடைய அம்மாவுக்காக அழுது ஜெபித்தார்கள். அம்மா பிழைத்தது வேறு விஷயம். அன்றைக்குத் தன்னைப் பத்து பேர் தூக்கி நிறுத்தியது மாதிரி இருந்ததை ஆக்னஸால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு தீர்மானம். துக்கம் என்று வந்தால் அதை நாலு பேர் முன்னால் இறக்கி வைத்துவிட வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

இந்த வருஷம் வந்தவள் கிருஷ்ணப்பிரியா. பி.காம். முதலாமாண்டு. பருத்திப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா எத்திராஜ் தண்ணீர் டேங்கர் லாரி ஓட்டுகிறார். தாத்தா காலத்தில் அங்கே பயிர் வைத்த குடும்பம். பெண் யாரோடும் ஒட்டவில்லை. மதியம் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இவள் நூலகத்துக்குப் போய்விடுவாள். ஆக்னஸ் விடுவாளா? நாலு நாள் பின்னாலேயே அலைந்தாள். ஐந்தாம் நாள் தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அம்மா ஊட்ல இல்ல மேடம்," என்றாள் பிரியா, சாதத்தைப் பார்த்துக்கொண்டே. "ஏப்ரல்ல போயிட்டாங்க. வேற ஒருத்தரோட. எங்க தெருவுல என்னைப் பார்த்தாலே அதைத்தான் பேசுவாங்க. இங்க எங்க ஏரியா பொண்ணுங்க யாரும் படிக்கலன்னு விசாரிச்சிட்டுத்தான் சேர்ந்தேன்."

 அந்தப் பெண்ணின் தலையைத் தடவிவிட்டு வந்த ஆக்னஸ் அதன்பின் ஒரு வேலையும் ஓடாமல் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். இவ்வளவு பாரத்தை ஒரு சின்னப் பெண் தனியாகச் சுமக்கலாமா?

புதன்கிழமை மதியம் சேப்பலில் ஜெபக் கூட்டம். நடத்துகிறவள் ஜெமிமா, மூன்றாமாண்டு மாணவி. கண்ணை மூடினாலே அழுதுவிடுகிற நல்ல மனசுக்காரி. "ஜெபக் குறிப்பு யாருக்காவது இருக்கா?" என்று அவள் கேட்டதும் ஆக்னஸ் முன்னால் போனாள். பெயர் சொல்லவில்லை. அந்த ஜாக்கிரதை அவளுக்கு உண்டு. "பருத்திப்பட்டுலேருந்து வர்ற நம்ம முதலாமாண்டு தங்கச்சி ஒருத்தங்களுக்காக ஜெபிப்போம். அவங்க தாயார் குடும்பத்தை விட்டுப் பிரிஞ்சு போயிருக்காங்க. திரும்பி வரணும்" என்று மட்டும் சொன்னாள். பருத்திப்பட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. வந்தது ஒருத்திதான்.

மறுநாள் காலை கேட்டருகே ஜெமிமா ஓடிவந்து பிரியாவைக் கட்டிப்பிடித்தாள். "கவலைப்படாதே, அம்மா கண்டிப்பா திரும்பி வருவாங்க. நாங்க எல்லாரும் உனக்காக ஜெபிச்சிட்டிருக்கோம்." வகுப்பில் அவளுடைய பெஞ்சில் யாரோ சாக்லேட் வைத்திருந்தார்கள். கேன்டீனில் ஒருத்தி காசு வாங்காமல் டீ வாங்கிக் கொடுத்தாள். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிரியா டீயை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அப்புறம் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தாள் ஆக்னஸ். பிரியா போன் எடுக்கவில்லை. அலுவலகத்தில் ஒருத்தி, "அந்தப் பொண்ணு டி.சி. வாங்கப் போகுதாம்" என்று சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு ஆவடி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பருத்திப்பட்டில் இறங்கி, ஒரு பெட்டிக்கடையில் டேங்கர் லாரி எத்திராஜ் வீடு எது என்று கேட்டாள்.

"எந்த எத்திராஜ்? பொண்டாட்டி ஓடிப்போனாளே, அவனா? அந்தச் சந்துல ரெண்டாவது ஊடு."

அவளுக்கு வந்த கோபத்தில் கடைக்காரனை நாலு கேள்வி கேட்டிருப்பாள். கேட்காமல் விடுவிடுவென்று நடந்தாள். சந்தில் பாதி தூரம் போனபின் நடை தானாகத் தளர்ந்தது. தானும் இதையேதான் சொல்லியிருக்கிறோம், கொஞ்சம் மரியாதையான தமிழில், என்று உறைத்தது.  திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது ஒரு பெண்மணி. ஒரு பக்கக் கன்னம் கன்றி வீங்கியிருந்தது. கையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி.

"யாரும்மா வோணும்?"

"பிரியாவோட காலேஜ்லேருந்து வர்றேன். நீங்க..."

"அவ அம்மா. வரலட்சுமி."

"ஸ்தோத்திரம்!" என்றாள் ஆக்னஸ். வாயில் வேறு எதுவும் வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கேட்டது கிடைத்துவிட்டது!

உள்ளேயிருந்து வந்த பிரியா, அம்மாவைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்து, ஆக்னஸின் முழங்கையைப் பிடித்து ஏரிக்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். நடைபாதையில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கையை விட்டாள்.

"எதுக்கு மேடம் ஸ்தோத்திரம்? அந்த ஆளு அடிச்சுத் தொரத்திட்டான். போக எடமில்லாம வந்து நின்னாங்க. அப்பா இன்னும் ஒரு வார்த்தை பேசல, லாரியிலேயே படுத்துக்குறாரு. இதுக்கா ஸ்தோத்திரம்?"

"தப்புதாம்மா. நான் உம்பேரைக்கூட..."

"பேரு சொல்லலன்னா? எங்க தெருவுல முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. உங்க காலேஜ்ல கட்டிப்புடிச்சுக்கினு பேசுறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

 ஆக்னஸின் கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

"இப்ப அம்மா வந்ததையும் போய்ச் சொல்லுவீங்க," என்றாள் பிரியா. "கடவுள் செஞ்சதுக்குச் சாட்சி சொல்லணும்னு என்னை மேடையில ஏத்துவாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க."

"சொல்ல மாட்டேன்."

"நம்பல."

"படிப்ப விட்டுராதம்மா. என்மேல இருக்குற கோவத்துல அதைப் பண்ணாத."

பிரியா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புதன்கிழமை வர்றேன். கடைசி வரிசையில உக்காந்து பார்க்குறேன். நீங்க சொன்னீங்கன்னா அன்னிக்கே டி.சி. வாங்கிக்குவேன்."

அன்றிலிருந்து புதன்கிழமை வரைக்கும் ஆக்னஸ் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. விஷயத்தை வாய்க்குள் வைத்துப் பழக்கமில்லாதவள். அதிலும் இது சாதாரண விஷயமா? கேட்டதைக் கடவுள் கொடுத்தபின் நன்றி சொல்லாமல் மறைப்பது திருட்டுக்குச் சமம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். கன்றிப்போன அந்தக் கன்னத்தை நினைத்தால், கொடுத்தது யார், எதைக் கொடுத்தார் என்றே குழம்பியது. சாம்பாருக்கு உப்பு இரண்டு தடவை போட்டாள். துணியை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? கால்ல சுடுதண்ணி ஊத்திக்கின மாதிரி சுத்திக்கினு கீற?" என்றான் கணவன் பிரசன்னா.

"ஒண்ணுமில்ல."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் ஒன்றுமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டது இதுதான் முதல் தடவை. பிரசன்னா பயந்துபோய் டி.வி.யை நிறுத்திவிட்டான்.

புதன்கிழமை வந்தது. சேப்பலில் கடைசி வரிசையில் பிரியா உட்கார்ந்திருந்தாள், மடியில் பை, எழுந்து போகத் தயாராக. ஆக்னஸ் வழக்கம்போலக் கதவருகே நின்றாள். பாட்டு முடிந்தது. ஜெமிமா எல்லாரையும் பார்த்தாள். பிரியாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆக்னஸ் அக்கா, நம்ம தங்கச்சியோட அம்மா விஷயம். ஏதாவது நல்ல செய்தி உண்டா?"

நாற்பது தலைகள் திரும்பின. ஆக்னஸுக்கு நாக்கின் நுனியில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை போதும், இந்தக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி இந்தப் பிள்ளைகள் துதிக்கும். மூன்று வருஷமாக ஜெபித்து ஒன்றும் நடக்காதவர்கள்கூட இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது எத்தனை தெம்பாக இருக்கும்! கால் ஒரு அடி முன்னால் போயேவிட்டது. பிரியா அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லம்மா," என்றாள் ஆக்னஸ். "தொடர்ந்து ஜெபம் பண்ணுங்க."

ஜெமிமாவின் முகம் வாடியது. உடனே முட்டிபோட்டாள். எல்லாரும் போட்டார்கள். "கர்த்தாவே, அந்தத் தாயார் எங்கே இருந்தாலும் அவங்களைத் திருப்பிக் கொண்டுவாரும்" என்று அவள் விம்ம விம்ம, நாற்பது பேரும் சேர்ந்து விம்மினார்கள். பருத்திப்பட்டில் தன் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிற பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள். ஆக்னஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள். 

கூட்டம் கலைந்தது. பிரியா மெதுவாக அவளிடம் வந்தாள்.

"சாமி முன்னாடியே பொய் சொல்லிட்டீங்க மேடம்."

"ஆமா."

பிரியா போகவில்லை. பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாக்கு அடிபட்ட பக்கம் காது கேக்கல. அப்பாகிட்ட சொல்ல வாணாம்னு அழுவுறாங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுன்னு எனக்குத் தெரியல," என்றாள்.

"நாளைக்குக் காலையில பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு இட்டுக்கினு வா. நான் கூட வர்றேன்," என்று ஆக்னஸும் முணுமுணுத்தாள்.

ஜெமிமா சிவந்த கண்களோடு அருகில் வந்தாள். "என்னக்கா, புதுசா ஏதாவது ஜெபக் குறிப்பா?"

"இல்லம்மா. பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுச்சு," என்றாள் ஆக்னஸ். அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.