வியர்த்துப்போன சோப்பு

"வெளிச்சம் இன்னும் சரியா விழல தங்கச்சி. கொஞ்சம் உக்காருங்க."

போட்டோக்காரர் அப்படிச் சொன்னதால்தான் சோப்புக்காரம்மா நாற்காலியில் சாய்ந்தாள். விடியுமுன் எழுந்து ஏழு சோப்புகளை வெட்டித் துணியில் சுற்றிக்கொண்டு வந்த களைப்பு. கண் தானாகச் செருகிவிட்டது. அவள் வந்தபோதே ஜன்னலில் வெளிச்சம் நிறைந்துதான் இருந்தது என்பதை அவருடைய மனைவி பல மாதம் கழித்துத்தான் சொன்னாள். அவள் களைப்பைப் பார்த்து அவர் சொன்னதைக் கடவுள் பொய் என்று எடுத்திருக்கமாட்டார்.

தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி, எதிரே தெர்மாகோல் அட்டை, நடுவில் ஒரு ஸ்டூல். கம்மலோ, மெழுகுவத்தியோ, கண்மை டப்பியோ, படம் எடுக்க எது வந்தாலும் அந்த ஸ்டூலில்தான் ஏறும். விளக்கே கிடையாது. கேட்டால், "விளக்கு நாம போடறது, வெயில் அவன் போடறது" என்று மேலே கை காட்டுவார்.

அவள் கண் விழித்தபோது அறையே மிதப்பதுபோல் இருந்தது. அவர் பின்பக்கம் போயிருந்தார். ஸ்டூல்மேல் இருந்த சோப்புகள் மங்கலாகத் தெரிய, அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்குள் படம் போய்ச் சேர்ந்து, பெரிய தெருக் கடைக்காரருக்கு மனசுக்குப் பிடித்தால்தான் அலமாரியில் ஒரு தட்டு கிடைக்கும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. சோப்புக்குக் கரைக்கும் காஸ்டிக் சோடா பட்டு வெடித்த விரல்களுக்குப் போடும் தேங்காய் எண்ணெய் கைப்பையில் இருந்தது. பளபளக்கட்டும் என்று ஒவ்வொரு சோப்பிலும் ஒரு சொட்டுத் தடவிவிட்டாள்.

அவர் வந்து கேமராவில் கண் வைத்தார்.

"என்ன தங்கச்சி, சோப்புக்கெல்லாம் பஸ்ஸைத் துரத்திட்டு ஓடி வந்த ஆள் மாதிரி வேர்த்து ஊத்துது!"

அவள் நடந்ததைச் சொன்னாள். துடைக்கத் துடைக்க எண்ணெய் திட்டுத்திட்டாய் அப்பியது. துணி நூல்வேறு ஒட்டிக்கொண்டது.

"கெடுத்துட்டேனே அண்ணே. நான் கை வெச்சா விளங்குமா?"

"அழுக்குப் பட்டா எதைப் போட்டுக் கழுவுவோம்?"

"சோப்பு..."

"சோப்புலயே அழுக்குப் பட்டா?"

அழப்போனவள் சிரித்துவிட்டாள். அவர் மனைவி அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சோப்புக்காரம்மா சோப்பை உருட்டிக் கழுவியதும் அவள் இரண்டு கையிலும் நுரை பொங்கியது.

"அப்படியே நில்லுங்க. கையை எடுக்காதீங்க."

"ஐயோ, இந்தக் கையா? பார்க்கச் சகிக்காது அண்ணே."

"செஞ்சது யாருன்னு கேட்டா, வேற யார் கையைக் காட்டச் சொல்றீங்க?"

துணி வழியே வந்த வெளிச்சம் நுரைக்குள் இறங்கியது. ஒவ்வொரு குமிழியிலும் ஒரு குட்டி ஜன்னல். அவள் மூச்சைப் பிடித்து நின்றாள். பிரார்த்தனையில்கூட அவள் மனசு அவ்வளவு அடங்கியதில்லை.

சாயங்காலமே படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் போன் செய்தார். "அந்த நுரைக் கை சோப்பு இருக்கே, அதைக் கொண்டாங்க. நடுத்தட்டு உங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவளுடைய சோப்பெல்லாம் அவர் கேமராவுக்குத்தான் முகம் காட்டின. கடைசியில் அவருக்குப் பார்வை மங்கி, மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போனவள், புதிதாய்ச் செய்த சோப்பு ஒன்றை அவர் கையில் வைத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இதைத் தேய்க்க மனசே வராது தங்கச்சி. ஆனா எல்லாரும் கரைக்காமலே வெச்சிருந்தா உங்க பொழப்பு என்ன ஆகறது? நாளைக்கே கரைச்சுடறேன், போங்க."