கழற்ற முடியாத பல்

வைஜெயந்திக்குப் பல்லைத் தொலைக்கிறவள் என்று குப்பத்தில் பெயர். மூக்குத்தியைத் தொலைத்தவள் உண்டு, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடினவள் உண்டு. வாயில் கிடக்கிற பல்லைத் தொலைக்கிறவள் மரக்காணம் கடற்கரையிலேயே இவள் ஒருத்திதான் என்று மீன் ஏலத்துக்கு வருகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் கூடச் சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது? பல் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும். அவளுடைய புருஷன் அரசப்பனிடம்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் இருந்த சொந்தப் பற்களையும் அவள் தொலைக்கவில்லை. முன்பல் இரண்டும் குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு மத்தியானம் போயின. நாலு பக்கமும் உப்பளம் இருக்கிற ஊரில் உப்புக்காகப் பல் போனவள் நான் என்று அவளே பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வாள். பக்கப்பற்கள் அவள் தம்பி வீட்டுக்குக் கேட்காமல் போய்வந்ததற்காகப் போயின. மிச்சம் இருந்தவை ஆட்டம் கண்டு, ஈறு சீழ் பிடித்து, அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. எப்படி ஆச்சு என்று கேட்ட நர்சிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அப்போது அவர்கள் வீட்டில் பாத்ரூமே கிடையாது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மீன் விற்கிறவளுக்குச் சொல் போனால் பிழைப்பே போச்சு. அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பில் நடந்து, மேற்கே உள்ள ஊர்களில் கூவி விற்கிறவள் அவள். சங்கரா என்று மீன் பேரைக் கூவினால் காற்றுதான் வரும். அவள் பேசுவதைப் போலவே பேசிக்காட்டி விலையைக் குறைக்கச் சொன்ன பெண்கள் உண்டு, அதுவும் இரண்டு பிள்ளை பெற்ற பெண்கள். கடைசியில் சீட்டுப் பணம் எடுத்துத் திண்டிவனத்தில் ஒரு பல் செட்டுக் கட்டிக்கொண்டாள். செட்டு வந்ததும் குரலும் வந்தது. தெருக்கோடியிலிருந்தே வைஜெயந்தி வருகிறாள் என்று மறுபடி தெரிந்தது.

ராத்திரி அதைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைப்பாள். பல் இல்லாமல் இவள் வாசல்படி தாண்டமாட்டாள் என்பதை அரசப்பன் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். அதிலிருந்து அவனுக்கு நிம்மதி. அவள் தம்பி மகள் சடங்குக்குப் போகக்கூடாதா, முந்தின ராத்திரி டம்ளர் காலியாகும். மகளிர் குழுக் கூட்டத்தில் யாரோ மேடம் வந்து வீட்டு நிலவரம் கேட்கப்போகிறாளா, டம்ளர் காலி. அரிசி டிரம், வலை மூட்டை, படகு இன்ஜின் பெட்டி என்று அவன் வைக்காத இடமில்லை. காரியம் முடிந்ததும் கொண்டுவந்து மடியில் போடுவான்.

“இந்தாடி உன் சொத்து. நாய் கூட மோந்து பாக்கல.”

ஒரே ஒரு தடவை அவள் பல் இல்லாமலே வெளியே போனாள். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. வலைத் தகராறு ஒன்று பேசி முடிந்ததும் கூட்டத்துக்கு நடுவே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தது, உதிர்த்தது, ஒளித்து வைப்பது, அத்தனையும். வாயிலிருந்து எச்சிலும் காற்றுமாக வந்தது. ஒருவன் சிரித்தான், பிறகு வரிசையாகச் சிரித்தார்கள், எல்லோருக்கும் பின்னால் நின்று அரசப்பனும் சிரித்தான். தலைவர் தட்சணாமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

“எம்மா, ஒண்ணும் வெளங்கல. வூட்டுக்குப் போயி பல்லைப் போட்டுக்கினு வா. நிதானமா கேக்கறோம்” என்றார்.

அன்று ராத்திரி அவள் வாங்கிய அடியை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தட்சணாமூர்த்தி மேல் கோபமே வரவில்லை. பாவம், அவருக்குப் புரியவில்லை, புரிந்திருந்தால் கேட்டிருப்பார் என்று நம்பினாள். ஊர் நல்ல ஊர்தான், தன் வாய்தான் கெட்ட வாய் என்று நம்பினாள். அடுத்த பஞ்சாயத்துக்கும் அதற்கடுத்ததற்கும் பல் இருக்கவில்லை. அந்த நம்பிக்கை மட்டும் கெட்டியாக இருந்தது, பாவி மகளுக்கு.

மகன் சிலம்பரசன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் வீடியோ காலில் சம்பந்தியம்மாளைக் காட்டச் சொன்ன நேரம் பார்த்து டம்ளர் காலியாக இருந்தது. அம்மாவின் பொக்கை வாயைப் பார்த்த மகனுக்கு மானம் போய்விட்டது. இத்தனை வருஷம் அவள் சோற்றைக் குழைத்து விழுங்கியபோது போகாத மானம். லீவில் வந்திறங்கியதும் பாண்டிச்சேரியில் ஒரு பல் கிளினிக்குக்கு அம்மாவை அழைத்துப் போனான். அரசப்பனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் மூன்று தாடை மாதிரிகளை எடுத்து வைத்தாள்.

“மூணு வழி இருக்குதும்மா. முதலாவது, இப்ப வெச்சிருக்கிற மாதிரியே புது செட்டு. ஈறு மேல சும்மா உக்காரும், ஆடும். ரெண்டாவது, எலும்புல சில ஸ்க்ரூ வெச்சு அதுமேல பட்டன் மாதிரி மாட்டுறது. ஆடாது, ஆனா நீங்களே கழட்டிக் கழுவிட்டு மறுபடி மாட்டிக்கலாம். மூணாவது, மேல நாலு, கீழ நாலு ஸ்க்ரூ வெச்சு மொத்தப் பல்லையும் அதுலயே முறுக்கிடறது. உங்க மேல் தாடையில பின்னாடி எலும்பு கரைஞ்சிருக்குது, அங்க ஸ்க்ரூவைச் சாய்ச்சு வைக்கணும். ஆபரேஷன் பெருசு. சுத்தம் பண்றதும் கஷ்டம், அடியில தனி பிரஷ் விட்டுத் தேய்க்கணும்.”

“ரெண்டாவதே போதும்மா” என்றான் அரசப்பன். “கழட்டி மாட்றதுதான் இவளுக்குச் சரி. இல்லன்னா கழுவவே மாட்டா, நாறிப்பூடும்.”

டாக்டரம்மா தலையாட்டினாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நிறையப் பேருக்கு அதுதான் வசதி என்றாள். பொண்டாட்டி வாயைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிற புருஷன்மார் அவளிடம் அதிகம் வருவதில்லை போலும், அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். சிலம்பரசன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைஜெயந்தி கையை நீட்டி மூன்றாவது மாதிரியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இத்த யாரெல்லாம் கழட்ட முடியும்?” என்று கேட்டாள்.

அன்று அவள் வாயில் செட்டு இருந்தது. மகன் எதிரில் ஒளிக்க அரசப்பனுக்குத் தோதுப்படவில்லை.

“நாங்கதாம்மா. இதுக்குன்னு ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்குது. வீட்டுல கழட்ட முடியாது.”

“தூங்கறப்போ?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூங்கறப்போ யாரும்மா வந்து பல்லைத் திருடப் போறாங்க?”

சிலம்பரசன் சிரித்தான். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் அரசப்பன். வைஜெயந்தி சிரிக்கவில்லை. மாதிரியை மடியிலிருந்து கீழே வைக்கவுமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் எதிரில் அவள் ஒரு பொருளை இது எனக்கு வேண்டும் என்று பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் பிடித்த பிடிக்காக மட்டும் அது நடந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கல்யாணத்துக்குள் எது முடியும் என்று மகன் கேட்டான். மூன்றாவதில் ஸ்க்ரூ வைத்த கையோடு தற்காலிகப் பல்லை முறுக்கிவிடலாம், எலும்பு பிடித்தபிறகு நிரந்தரப் பல், பட்டனுக்கோ சில மாதம் காத்திருக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா. “அப்ப அதையே வெச்சிடுங்க” என்று அவன் போனுக்குத் திரும்பிவிட்டான்.

முகம் பூசணிக்காயாக வீங்கி வீடு வந்த ராத்திரி அரசப்பன் அலமாரியைப் பார்த்தான். டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வாயத் தெற” என்றான். தையல் போட்ட வாயைத் திறந்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, பல் அசையவில்லை. வலியோடு வலியாக அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு மகன் பிறந்த அன்றைக்குக் கூட வந்ததில்லை.

மகன் கல்யாணப் பந்தியில் எல்லோரும் கடித்துத் தின்றபோது அவள் ரசஞ்சோற்றைக் கரைத்துக் குடித்தாள். டாக்டரம்மா சொல்லை அவள் மீறவில்லை, கஞ்சியிலேயே மாதங்களை ஓட்டினாள். சொன்ன தேதிக்கெல்லாம் பஸ் பிடித்துப் போனாள். மகன் காசு போட்ட பொருள் என்று அரசப்பன் வாயில் மட்டும் அடிக்கமாட்டான், முதுகில் அடிப்பான். நிரந்தரப் பல்லை முறுக்கிவிட்டுக் கண்ணாடி காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “சங்கரா, வஞ்சரம், சுறா” என்று சொல்லிப் பார்த்தாள். டாக்டரம்மா அதற்கும் சிரித்தாள்.

அந்த வாரமே ஊர்ப் பஞ்சாயத்து என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். இந்தத் தடவை போய்ச் சொல்லப் போகிறேன் என்று பக்கத்து வீட்டுச் சரஸ்வதியிடம் மட்டும் வைஜெயந்தி சொன்னாள். கூடையைத் தூக்கிவிடுவதும் இறக்கிவிடுவதும் சரஸ்வதிதான், அவ்வளவு நெருக்கம். சரஸ்வதி தன் புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவன் படகில் அரசப்பனிடம் மட்டும் சொன்னான்.

பஞ்சாயத்தன்று சாயங்காலம் அரசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அமைதியாக வெளியே போனான். அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கதவை இழுத்தாள். வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது நாதாங்கியில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு தொங்கியது. இத்தனை வருஷம் பூட்டு வாங்கக்கூட அவன் செலவழித்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடு அது. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும், ஊர் முழுக்க அந்தத் தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகவேண்டும். போய்க்கொண்டிருந்தது. வைஜெயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் கேளுங்க! என் புருஷன் என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டான்! நான் எந்தக் காலத்துலயும் பல்லைத் தொலைக்கல! அவன்தான் எடுத்து ஒளிச்சு வெச்சான்! என் சொந்தப் பல்லை அடிச்சு உதுத்தவனும் அவன்தான்! பஞ்சாயத்துல வந்து சொல்லணும், கதவைத் தெறங்க!”

ஒரு எழுத்து வழுக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் முறை இன்னும் நிறுத்தி, இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தட்சணாமூர்த்தி வந்தார். மரியாதை தெரிந்தவர் அல்லவா, நின்று முழுக்கக் கேட்டார்.

“அரசப்பன் வரட்டும்மா. புருஷன் பொஞ்சாதி விஷயம், பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றைக்கும் இவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது. எச்சிலும் காற்றுமாக அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்துதான் சிரித்திருக்கிறார்கள். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் குறைந்தபிறகு சரஸ்வதி வந்தாள். அவள் மட்டும் ஜன்னலுக்குக் கிட்டே வந்தாள்.

“சரசு, அந்தக் கல்லை எடுத்துப் பூட்டு மேல ஒரு போடு போடுடி. துருப்பிடிச்ச நாதாங்கிதான், வுட்டுடும்.”

சரஸ்வதி பூட்டைப் பார்த்தாள். பிறகு வைஜெயந்தியின் வாயைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள்.

“பல்லு உனக்கு எவ்ளோ நல்லா பொருந்தியிருக்குதுடி” என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தாள்.