எழிலரசியின் இடது கை

கிரிவலம் போகிறவர்கள் நடக்கும் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடி வீட்டின் பின்னறையில் பிர்தௌஸ் வேலை பார்க்கிறாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் குழந்தைப் பாட்டு அனிமேஷன் செய்து கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் தனக்கென்று ஒரு குறும்படம் வரைந்துகொண்டிருந்தாள். ரேஷன் கடை வரிசையில் நின்று அலுத்துப்போன ஒரு பெண், பையைக் கீழே வைத்துவிட்டு ஆடத் தொடங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

ஆட்டத்தை மனதிலிருந்து வரைய வரவில்லை. உடம்பில் எடையே இல்லாமல் பொம்மை மிதந்தது. அதனால் பக்கத்துத் தெருவில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் எழிலரசியைக் கேட்டாள். எழிலரசி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, மொட்டை மாடியில் சாதாரணப் புடவையிலேயே ஆடிக் காட்டினாள். பிர்தௌஸ் இரண்டு மூன்று நாள் வந்து செல்போனில் எடுத்துக்கொண்டாள்.

பிறகு வீடியோவைப் படம் படமாக நிறுத்தி, அதன்மேல் கோடு போட உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் ஒன்றாக விரிய வேண்டிய இடத்தில் இடது கை சற்றுப் பிந்தி விரிந்தது. கேமரா கோளாறு என்று நினைத்துத் திருத்தி வரைந்தாள். அடுத்த அடவிலும் அப்படியே. இடது காலைத் தூக்கும்போது விரல் நுனி தரையை உரசியது. வீடியோ ஓடும்போது கண்ணுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் எல்லா இடத்திலும் இருந்தது. வேறொரு நாள் எடுத்ததைத் திறந்தாள். அதில் இன்னும் ஜாஸ்தி.

சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். பார்க்கப் பார்க்க எழிலரசியின் முகம் இறுகியது.

"இத்தினி வருஷமா ஆடறேன். என் அடவுல யாரும் குத்தம் சொன்னதில்ல. பொம்மை வரையறதுக்கு என் கைய அளந்து பாக்கறியா?"

"குத்தம் சொல்லலக்கா. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழிலரசி எழுந்துவிட்டாள். அதன்பின் போனை எடுக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டாலும் ஸ்கூட்டியை நிறுத்தவில்லை. சொல்லியிருக்கவே கூடாதோ, இல்லை, இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிர்தௌஸ் மாறி மாறி நினைத்தாள். படம் அப்படியே நின்றது.

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவில் ஆடும்போது எழிலரசி கால் மடங்கி மேடையிலேயே விழுந்தாள். சில நாள் கழித்து அவளே படியேறி வந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும், துணைக்கு வர முடியுமா என்றும் கேட்டாள். அந்த வீடியோவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

நரம்பு டாக்டர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, எப்போது எடுத்தது என்று கேட்டார். பிர்தௌஸ் மாதத்தைச் சொன்னபோது எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்கேனில், கழுத்துக்குள் ஒரு கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம், ஆனால் போன பலம் முழுக்கத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார்.

திரும்பி வரும் பஸ் போளூரில் நின்றது.

"உன் மேல கோவமில்ல," என்றாள் எழிலரசி. "நீ சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். டம்ளர் கைய விட்டு நழுவும். தெரிஞ்சேதான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடம் எடுக்கிறாள். இடது கை விரல்களை முழுதாக நீட்ட முடியவில்லை.

படத்தில் ஆட்டத்தை வீடியோவில் இருப்பதுபோல் வரைவதா, திருத்தியே வைப்பதா என்று பிர்தௌஸ் கேட்டபோது, "திருத்தினதையே வை. அதுல இருக்கறவளாவது ஒழுங்கா ஆடட்டும்" என்றாள்.

பிர்தௌஸ் அப்படியே முடித்தாள். ஊரில் ஒரு சின்ன ஹாலில் திரையிட்டபோது எழிலரசி வந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பிர்தௌஸின் தோளைத் தொட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

அதிலிருந்து பிர்தௌஸுக்கு யார் நடந்தாலும் கால்மேல்தான் கண் போகிறது. போன பௌர்ணமி மாலை, கிரிவலக் கூட்டத்தில் ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து நடந்துபோவதை மாடியிலிருந்து பார்த்தாள். வெறுங்காலில் இவ்வளவு தூரம் நடப்பவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் நடப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்காமல் வாசல்வரை இறங்கி ஓடினாள். அதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தார்.