அண்ணி நிறுத்திவைத்தவர்கள்

என் நாத்தனாருக்கு எங்கள் தெருவில் ‘செக்கிங்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் நானும் மனதுக்குள் செக்கிங் என்றுதான் சொல்லுவேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றின் கேட்டில், வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பது அண்ணியின் வேலை. அதே கம்பெனியில் நாலாவது தையல் லைனில் சட்டைக் காலர் தைப்பது என் வேலை. காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே பஸ்ஸில் போவோம். சாயங்காலம் அதே அண்ணி என்னை முன்பின் பார்த்திராதவர் மாதிரி நிமிர்ந்து பார்த்து, “பையத் திற” என்பார். மற்றவர்கள் பையை ஒரு தடவை கிளறினால் என் பையை இரண்டு தடவை கிளறுவார்.

“நான் எங்க ஓடிடப் போறேன் அண்ணி, வீட்ல வந்து பாத்துக்கங்களேன்” என்று ஒருநாள் கேட்டேன்.

“வீட்டுக்குப் போனா நீ என் தம்பி பொண்டாட்டி. இங்க நீ நாலாவது லைன்” என்றார்.

இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது எவ்வளவு லேசான காரியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். பால் பொங்கி வழிந்தால் அடுப்பைக் கூட்டி வைத்தது யார் என்று விசாரணை நடக்கும். நான் வாழ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். யாரையாவது நம்பி எதையாவது விட்டிருந்தால் இந்த வீடே மிஞ்சியிருக்காது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். இருக்கலாம். அதற்காக நான் என்ன பீரோவையா தூக்கிக்கொண்டு ஓடப்போகிறேன்?

வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தபோது, அது கொஞ்சம் சூடாவதற்குள் ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டவரும் அண்ணிதான். திரையின் ஓரத்தில் ‘சோதனை முடிந்தது, ஆபத்து ஏதும் இல்லை’ என்று அது சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும். “இந்த வீட்ல என்னைத் தவிர ஒழுங்கா வேலை பாக்கிற ஆள் இது ஒண்ணுதான்” என்பார். அதன் அமைப்புகளில் நானோ என் வீட்டுக்காரரோ கைவைத்துவிடக் கூடாதென்று அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைத்தார்.

கம்பெனியில் சோதனை மேஜை திறந்த வெளியில் இருந்தது. எதிரே லாரிகளில் சரக்கு ஏற்றுவார்கள். பெண்கள் வரிசையில் வந்து பையிலிருப்பதை மேஜையில் கொட்டிக் காட்ட வேண்டும். டிரைவர்களும் சுமை ஏற்றுகிறவர்களும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் என் பையைக் கவிழ்த்தபோது நாப்கின் பாக்கெட்டும் நான் மாற்றிச் சுருட்டி வைத்திருந்த உள்ளாடையும் மேஜை நடுவில் வந்து விழுந்தன. ஒரு டிரைவர் என்னவோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலாம் என்றிருந்தது எனக்கு. அண்ணி எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடிக் கொடுத்தார். 

மறுநாள் காலையில் அண்ணி நேராக செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம் போனார். பெண்களைச் சோதிக்க ஓர் அறை வேண்டும், கேட்டுக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கும் அறையே போதும் என்றார்.

“அதெல்லாம் சூப்பர்வைசர் முடிவு பண்ற விஷயம். ரூம் வேணும்னா நீ சூப்பர்வைசரா வந்து வாங்கிக்க” என்று சொல்லி அந்த ஆள் சிரித்தாராம்.

சிரிக்கட்டும். அடுத்த வருஷமே அவர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஆள் எடுக்கப் பரீட்சை என்று அறிவிப்பு வந்தது. அதுவரை ஆண்கள் மட்டும் எழுதிய அந்தப் பரீட்சையைப் பெண்களும் எழுதலாம் என்று முதல்முறையாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணி முதல் ஆளாக விண்ணப்பித்தார்.

அப்புறம் வீட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தீ விபத்து வந்தால் எந்தக் கதவை முதலில் திறப்பது, மயங்கி விழுந்தவரை எப்படிப் படுக்க வைப்பது, சோதனை செய்யச் சட்டம் எதுவரை இடம் கொடுக்கிறது என்று எல்லாவற்றையும் நான் கேள்வியாகக் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லுவார். நான் வெங்காயம் நறுக்கினாலும் கேட்க வேண்டும், துணி காயப்போட்டாலும் கேட்க வேண்டும். கடைசியில் பதிலெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதுவது. ஆனால் கெடுபிடி அதிகம். எழுதுகிறவரைக் காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. முன்னதாகப் பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். பிரவுசர் புத்தம் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதை அணைத்தால் பரீட்சைப் பக்கம் திறக்காது. பத்து மணிக்குத் தொடக்கம், கால் மணி நேரம் தாண்டி வந்தால் உள்ளே விடமாட்டார்கள், மறு வாய்ப்பும் இல்லை. “கறாரான ஆளுங்க” என்று அண்ணி மெச்சிக்கொண்டார்.

சொன்னபடி முந்தின நாள் பிரவுசரை அப்டேட் செய்தார். காலையில் ஆன்டிவைரஸ் தானாகவே தன்னை அப்டேட் செய்துகொண்டது. அண்ணி சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தி, ஷூவும் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் முன்னாலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். காமிராவில் காலா தெரியப்போகிறது, ஷூ எதற்கு என்று கேட்டேன். “எனக்குத் தெரியுமில்ல” என்றார்.

பிரவுசரைத் திறந்தார். வெள்ளையாக ஒரு கட்டம் வந்தது, வந்த வேகத்தில் காணாமல் போனது. மறுபடி திறந்தார், மறுபடி அதே கதை. திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தோம். பிரவுசர் ஒரு கணம் கூட நிற்கவில்லை.

“அந்த ஆன்டிவைரஸத் தூக்கிப் போடுக்கா, எல்லாம் அது பண்ற வேலைதான்” என்றார் என் வீட்டுக்காரர். பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவர், எதைக் கேட்டாலும் சுரண்டி எடுக்கச் சொல்லுவார்.

“தூக்கினா பரீட்சை திறக்காதுடா. அதுதானே ரூல்” என்றார் அண்ணி.

“அப்ப நடத்துறவங்களுக்கு போனப் போடு.”

போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இசையை ஒலிக்கவிட்டது. அது முடிந்து மறுபடியும் அதையே சொன்னது. மணி பத்தைத் தொட்டுவிட்டது.

அண்ணி போனை வைத்துவிட்டு எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் கையைக் கட்டிக்கொண்டு, முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். “விடு. நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

“என்னது, விடவா? இத்தனை நாள் என் உயிர வாங்கிப் படிச்சுட்டு, இப்ப விடுன்னா என்ன அர்த்தம்? அந்த மேஜையில கிடந்தது என் சாமான் அண்ணி. அவனுங்க சிரிச்சது என்னைப் பாத்து. நீங்க விட்டாலும் நான் விட மாட்டேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்தேன். பிரவுசரைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்ததும் லபக்கென்று அதன்மேல் அழுத்திப் பிடித்தேன். ‘அறிமுகமில்லாத நிரல் தடுத்து நிறுத்தப்பட்டது’ என்று எழுதியிருந்தது. கீழே பார்த்தால் பிரவுசரின் பெயர். தினமும் வந்துபோகிற பிரவுசர் இதற்கு எப்படி அறிமுகமில்லாமல் போனது என்று ஒரு நிமிஷம் முழித்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அண்ணி, போன வருஷம் எங்க லைனுக்கு மட்டும் அடையாள அட்டைய மாத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? பச்சை அட்டைய நீலமா மாத்திட்டு, கேட்டுக்குச் சொல்லாம விட்டாங்க. எங்க அத்தனை பேரையும் நீங்க வெளியவே நிறுத்துனீங்க. நான் உங்க தம்பி பொண்டாட்டின்னு சொன்னேன். அட்டை நீலமா இருக்கே, உள்ள விட முடியாதுன்னீங்க.”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“பிரவுசர் நேத்துப் புது அட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்கு. இங்க காவல் நிக்கிற ஆன்டிவைரஸுக்கு யாரும் சொல்லல. ஆள் அதே ஆள்தான், அட்டைதான் வேற. நிறுத்திடுச்சு.”

அண்ணி கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்.

“அன்னைக்கு எங்கள எப்படி உள்ள விட்டீங்க?”

“ஆபீஸ்ல இருந்து வந்து உங்க லைன அனுமதிப் பட்டியல்ல ஏத்துனாங்க” என்றார் அண்ணி. சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. “அதுலயும் ஒரு பட்டியல் இருக்கும். தேடு. சீக்கிரம் தேடு.”

இருந்தது. அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தில் ‘அனுமதிக்கப்பட்டவை’ என்று இருந்தது. சேர் என்பதை அழுத்தினேன். பாஸ்வேர்ட் கேட்டது.

அண்ணி என்னை நகர்த்திவிட்டு, ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையால் அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு, இன்னும் ஒரு முறை தவறினால் ஒரு மணி நேரத்துக்குப் பூட்டப்படும் என்றது. மறைத்த கை அவருக்கே எழுத்தை மறைத்துக்கொண்டிருந்தது. உள்ளே விடுகிற நேரம் முடியச் சில நிமிஷங்கள்தான் இருந்தன.

“நீ அடி” என்றார்.

“நீங்க சொன்னாத்தானே அண்ணி அடிக்க முடியும்.”

என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். “நீ வெளிய போடா” என்று அவரை விரட்டினார். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனதும், என் காதோரம் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அது என்னவென்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பீரோ சாவியைக் கையில் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அடித்தேன். ஏற்றுக்கொண்டது. பிரவுசரைப் பட்டியலில் ஏற்றிவிட்டுத் திறந்தேன். வெள்ளைக் கட்டம் வந்தது, நின்றது, பரீட்சைப் பக்கம் விரிந்தது. ஓரத்தில் ஆன்டிவைரஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காமிரா சதுரத்துக்குள் என் முகம் தெரிய, அண்ணி என் தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். “போ போ, வேற ஆள் இருந்தா தகுதி நீக்கம்.” கதவுக்கு வெளியே வந்து விழாத குறைதான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் அண்ணி அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது.

முடித்து வெளியே வந்தவரிடம் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். “நீ கேட்ட கேள்வியெல்லாம் வந்துச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் கேட்கக் கேட்க எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. முதலிடம் அண்ணிக்கு. தோளில் பட்டை வைத்த புதுச் சட்டை வந்தபோது அதன் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தையல் சுமார்தான். பிரித்து நானே தைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

பதவி ஏற்ற அன்றே அண்ணி மேனேஜரைப் போய்ப் பார்த்தார். தனி அறையில் சோதித்தால் நேரம் வீணாகும் என்றாராம் மேனேஜர். “நேரம் போறது அங்க நின்னு கூசிக்கிட்டு மறைச்சு மறைச்சு எடுக்கிறதுலதான் சார். ரூம்ல சீக்கிரம் முடியும். முடியலன்னா என்னைக் கேளுங்க” என்றாராம் அண்ணி. உடைந்த நாற்காலிகள் வெளியே போயின. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். அந்தப் பழைய மேஜையை லாரிக்காரர்கள் தங்கள் டீக் கிளாஸ் வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் வரிசையில் நின்றோம். உள்ளே புதிதாக வந்த பெண் சோதித்துக்கொண்டிருந்தாள், அண்ணி கதவருகே நின்றார். அப்போது மேனேஜர் ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். எப்படி நடக்கிறதென்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கதவில் கை வைத்தார்.

“சார், நில்லுங்க” என்றார் அண்ணி. “உள்ள பொம்பளைங்க பை திறந்திருக்கு.”

“நான் மேனேஜர்மா.”

“தெரியும் சார். அதனாலதான் மரியாதையா சொல்றேன்.”

 எதிரே டிரைவர்கள் டீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அண்ணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கதவிலிருந்து கையை எடுத்தார். நாங்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போய், பையை மூடிக்கொண்டு நிமிர்ந்து வெளியே வந்து, கடைசிப் பெண்ணும் பஸ் ஏறும்வரைக்கும் மேனேஜர் அந்த வெயிலில் நின்றார்.